இரண்டாவது புள்ளி

பிப்ரவரி 3, செவ்வாய்

லேப் ரெஜிஸ்டரில் சந்தேகத்துக்கென்று கட்டம் கிடையாது. அதனால் இந்த டைரி. என் கணவர் அலுவலகத்தில் கொடுத்தது. மின்வாரியப் பொறியாளர் மனைவிக்கு வருடம் தவறாமல் கிடைக்கும் ஒரே பரிசு.

இன்று கல்லூரியில் துறைத்தலைவர் ஜம்புலிங்கம் சார் அறைக்குக் கூப்பிட்டார். அவரிடம் ஆராய்ச்சி செய்யும் கௌசிகாவின் கடைசி அத்தியாயத்தில் எண்கள் அளவுக்கு மீறி அழகாக இருப்பதாக ஆய்வுக் குழுவில் ஒருவர் சொல்லிவிட்டாராம். வேறொருவர் மறுபடியும் எண்ணித் தர வேண்டும். பிப்ரவரி 27-ஆம் தேதியோடு அந்தப் பெண்ணின் பதிவு முடிகிறது. அதற்குள் ஆய்வேடு போகாவிட்டால் ஐந்து வருடமும் வீண்.

"நீங்க எண்ணினா யாரும் வாய் தொறக்க மாட்டாங்க சௌந்தரி மேடம். உங்க கண்ணுக்குத் தப்பு தப்பாது."

பாராட்டா என்று தெரியவில்லை. சரி என்றேன்.

அத்தியாயத்தை வாங்கி வந்து படித்தேன். கோத்தகிரிக்கு மேலே ஒரு பங்களாத் தோட்டத்தில் நிற்கும் வால்நட் மரத்தின் இலையும் பச்சைத் தோலும்தான் அவள் பொருள். அதன் சாறு மனித செல்லின் டி.என்.ஏ.வைக் காக்கிறதா என்பது கேள்வி. எங்கள் அட்டெண்டர் மாராக்காவின் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து நான்கு பங்காக்குகிறாள். ஒரு பங்கை ஒன்றும் செய்வதில்லை. இன்னொன்றில் பெராக்சைடு ஊற்றி டி.என்.ஏ.வை உடைக்கிறாள். மற்ற இரண்டுக்கும் முதலில் வால்நட் சாறு, ஒன்றுக்குக் கொஞ்சம், ஒன்றுக்கு நிறைய; அப்புறம் பெராக்சைடு. பிறகு மின்சாரம் பாய்ச்சினால் உடைந்த துண்டுகள் செல்லை விட்டு இழுபட்டு ஓடும். மைக்ரோஸ்கோப்பில் வால்நட்சத்திரம் மாதிரி தெரியும். வால் நீண்டால் சேதம் அதிகம். ஒவ்வொரு செல்லுக்கும் பூஜ்யத்திலிருந்து நாலு வரை தரம். ஒரு ஸ்லைடில் நூறு செல். ஆக, மோசமான ஸ்லைடுக்கு நானூறு.

அவள் கணக்கு: பெராக்சைடு மட்டும் ஊற்றியதற்கு 252. கொஞ்சம் சாறு, 168. நிறைய சாறு, 91. படிக்கட்டு மாதிரி இறங்குகிறது. செல்கள் படிக்கட்டு கட்டுவதில்லை.

பிப்ரவரி 4, புதன்

வீட்டில் அவர் தினமும் காலையில் ஊறவைத்த வால்நட் இரண்டு தின்கிறார். "பாரு, மூளை மாதிரியே இருக்குது. மூளைக்கு நல்லதாம்." புடலங்காய் எதற்கு நல்லது என்று கேட்டேன். பேப்பரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

பிப்ரவரி 6, வெள்ளி

ஜம்புலிங்கம் சார் பதினாறு ஸ்லைடுகளின் பழைய பெயர்களை அழித்துவிட்டு 1 முதல் 16 வரை கலைத்துப் போட்டு எண் எழுதினார். எது எது என்ற பட்டியல் கவரில், அரக்கு வைத்து, அவர் பீரோவில். எனக்கும் தெரியாது, கௌசிகாவுக்கும் தெரியாது. அப்படித்தான் பேச்சு.

கௌசிகா ஸ்லைடு டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். இருபத்தெட்டு வயது, பல்லடத்துப் பெண். விரல் நுனி பத்தும் கருத்துக் கிடந்தது.

"என்ன இது?"

"வால்நட் பச்சைத் தோலுங் மேடம். உரிச்சா ஒரு மாசத்துக்குப் போகாதுங். போன மாசம் எங்க அத்தை ஊட்டு விசேஷத்துல எல்லாரும் மைல கை வெச்சியான்னு கேட்டுக் கேட்டு, கடைசில கையக் கட்டீட்டே சாப்பிட்டனுங்."

"கையுறை போடறதில்லையா?"

"போட்டாலும் ஊறீருதுங்."

கையுறைக்குள் எப்படி ஊறும்?

பிப்ரவரி 9, திங்கள்

ஒன்றைக் கண்டுபிடித்தேன்.

எண்ண ஆரம்பிக்கலாம் என்று ஃபிரிட்ஜிலிருந்து டப்பாவை எடுத்தேன். மூடியின் உள்பக்கம் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. கௌசிகாவின் கையெழுத்து. சிறிய, சாய்ந்த எழுத்து.

வால்நட் 3, 7, 11, 16.

வெள்ளிக்கிழமை இந்தச் சீட்டு இல்லை. அவளுக்குத் தெரியக்கூடாத விஷயம், எந்தெந்த ஸ்லைடு வால்நட் போட்டது என்பது (நான்குதான் இருக்கிறது, நிறைய சாறு போட்டவையாக இருக்கும்), அவள் கையாலேயே எழுதியிருக்கிறது. பீரோவின் சாவி எங்கே தொங்குகிறது என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும்.

அல்லது இது எனக்காக ஒட்டியது. "மேடம், இவைதான், கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்" என்பதுபோல.

கூப்பிட்டுக் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்டால் உஷாராகிவிடுவாள். சீட்டைத் தொடாமல் மூடிவிட்டேன்.

வரும்போது குக்கருக்கு கேஸ்கெட் வாங்கினேன். அளவு தவறு.

பிப்ரவரி 10, செவ்வாய்

1, 2, 3, 4 முடிந்தது.

ஸ்லைடு 3-இல் வால் இல்லாததுபோலத் தெரியும் செல்கள் நிறைய. நன்றாக ஃபோகஸ் செய்து பார்த்தால் பலவற்றின் ஓரத்தில் மங்கலாக ஒரு புகை. அதை ஒன்று என்று போட்டேன். ஒன்றா இரண்டா என்று நின்றவற்றை இரண்டில் போட்டேன். சந்தேகம் வந்தால் சேதத்தின் பக்கம் போவதுதான் பாதுகாப்பான வழி. மொத்தம் 121.

ஸ்லைடு 4-இல் அந்த மாதிரிச் சிக்கல் இல்லை. எல்லையில் நின்றவற்றைக் கீழ்த் தரத்தில் போட்டுவிட்டு வேகமாக முடித்தேன்.

பிப்ரவரி 11, புதன்

5 முதல் 9 வரை. 7-க்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் பிடித்தது. கவனமாக இருக்க வேண்டிய ஸ்லைடுகள் சில உண்டு.

கௌசிகா கதவருகே வந்து நின்றாள்.

"மேடம், டீ சொல்லட்டுங்களா?"

"வேண்டாம்."

"கண்ணு வலிக்குமுங். நான் எண்ணும்போது வெள்ளரிக்கா வெட்டி வெச்சுக்குவேன்."

"எண்ணும்போது இங்க யாரும் வரக்கூடாது கௌசிகா."

"சரிங் மேடம்." போகும்போது திரும்பி, "ஸ்லைடெல்லாம் நல்லா வந்திருக்குதுங்களா?" என்றாள்.

எதற்கு அந்தக் கேள்வி? அடுத்த ஸ்லைடை வைத்தேன்.

பிப்ரவரி 12, வியாழன்

அனுராதாவைப் பற்றி எழுத வேண்டாம் என்று இருந்தேன். ஆனால் இன்று மாராக்கா பேச்செடுத்தாள். "அந்தப் புள்ளையும் இப்படித்தானுங், டீ சொல்லட்டா டீ சொல்லட்டான்னு உங்க பின்னாலயே சுத்தும்."

அனுராதா என்னுடைய மாணவி. நான்கு வருடம். நான் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்ட கட்டுரையில் வெவ்வேறு சோதனை என்று போட்ட இரண்டு படங்கள் ஒன்றே என்று 2019-இல் வெளிநாட்டிலிருந்து யாரோ எழுதினார்கள். பார்த்தேன், ஒன்றேதான். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று அன்றைக்கே கடிதம் எழுதினேன். அவளிடம் விளக்கம் கேட்கத் தேவை இருக்கவில்லை. படம் கண்முன்னால் இருக்கும்போது கேட்பதற்கு என்ன இருக்கிறது? அவள் ஆராய்ச்சியை விட்டுவிட்டுப் போனாள். இப்போது உடுமலையில் ஏதோ பள்ளிக்கூடத்தில்.

அதற்கப்புறம் நான் ஏமாறியதில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

பதினாறும் முடிந்தது. எண்களை சாரிடம் கொடுத்தேன். திங்களன்று கவர் பிரிக்கிறோம். சீட்டைப் பற்றிச் சொல்லவில்லை. கவரே சொல்லட்டும்.

பிப்ரவரி 16, திங்கள்

சார் அரக்கை உடைத்தார். நான், கௌசிகா, குழுவிலிருந்து ஒருவர். சார் ஒவ்வொன்றாக வாசிக்க, நான் என் எண்களை நேராக எழுதிக்கொண்டு வந்தேன்.

"ஒன்றும் செய்யாதது: மூணு, எட்டு, பன்னிரண்டு, பதினாலு."

34, 39, 31. இவை எட்டும் பன்னிரண்டும் பதினாலும்.

மூணு: 121.

சார் என் தாளை இழுத்துப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஒரே ஆளு ரத்தம், ஒரே நாள், ஒரே டியூப்பு. அதுல ஒண்ணு மட்டும் எப்படிம்மா நாலு மடங்கு சேதமாகும்?" என்று சார் கௌசிகாவைக் கேட்டார். என்னைக் கேட்கவில்லை.

"தெரியலீங் சார்."

"கை மாறியிருக்கும். இல்ல, கழுவாத பிளேட்டுல பெராக்சைடு பட்டிருக்கும்." குழு உறுப்பினர் பேனாவை மூடினார். அடிப்படையாக வைத்துக்கொள்ளும் ஸ்லைடே கெட்டுப்போயிருந்தால் மற்றதை நம்ப முடியாது, மறுபடியும் செய்ய வேண்டும் என்றார். மறுபடியும் செய்ய இரண்டு மாதம். இருப்பது பதினோரு நாள்.

மற்ற ஸ்லைடுகளை யாரும் பார்க்கவேயில்லை.

நான் எண்ணியதைத்தான் எழுதினேன். அதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

வெளியே வராந்தாவில் கௌசிகா காத்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"மேடம், மூணாம் நம்பர்ல எனக்கு வாலே இல்லாத செல்லுத்தானுங் தெரிஞ்சுது. அதனாலதானே படத்துக்கு அதை எடுத்தேன்."

"எந்தப் படத்துக்கு?"

"ஆய்வேட்டுல போடறதுக்குங். வால்நட்சத்திரப் படம். சார்தான் எடுத்து வெச்சுக்கோன்னாரு. எது எதுன்னு தெரியாதுங்களே, சனிக்கிழமை வந்து, பார்வைக்கு வாலில்லாதது, குட்டை, நடு, நீளம்னு நாலு எடுத்தனுங். மூணு, ஏழு, பதினொண்ணு, பதினாறு. மறந்துருவேன்னு டப்பா மூடில எழுதி ஒட்டியிருந்தனே, நீங்க பாக்கலீங்களா?"

பார்க்கவில்லை என்று சொன்னேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

காலையில் எல்லோருக்கும் முன்னால் போய் மூடியைத் திறந்தேன். வால்நட். ‘ட்’டின் தலையில் ஒரு புள்ளி. பக்கத்தில், கீழே, இன்னொரு புள்ளி. நீளமான சொல்லைச் சுருக்கினால் வைக்கிற புள்ளி. வால்நட்சத்திரம் என்ற சொல் அந்தத் துண்டுச் சீட்டில் அடங்கவில்லை. சுருக்கியிருக்கிறாள்.

முதல் புள்ளியைத்தான் நான் படித்தேன்.

பிப்ரவரி 18, புதன்

மூன்றை மறுபடி எண்ணிப் பார்த்தேன். 29 வந்தது. உடனே அந்தத் தாளைக் கிழித்தேன். இது ஒன்றும் செய்யாத ஸ்லைடு என்று தெரிந்துகொண்டு எண்ணியது. முன்பு கோபத்தோடு எண்ணினேன், இன்று இரக்கத்தோடு. இரண்டும் எண்ணிக்கை அல்ல.

கோபத்தோடு என்று எழுதியிருக்கிறேன். அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

இரவுச் சாப்பாட்டின்போது அவரிடம் சொன்னேன். முழுதும் அல்ல, சீட்டைத் தவறாகப் படித்ததை மட்டும். அவர் ரசத்தைக் குடித்துவிட்டு, "சீட்டப் பாத்தியே, அந்தப் புள்ளையக் கூப்பிட்டு இது என்னன்னு கேட்டிருக்கலாமே?" என்றார்.

"கேட்டா உஷாராயிருவா."

"உஷாராகி?"

பதில் யோசித்துக்கொண்டே பாத்திரம் கழுவினேன்.

பிப்ரவரி 19, வியாழன்

எனக்குத் தெரியாமல் எண்ண வேண்டும். என்னை நம்ப முடியாததால் மாராக்காவைக் கூப்பிட்டேன்.

ஐம்பத்தாறு வயது. துறையில் முப்பது வருடம். பதினாறு ஸ்லைடின் எண் மீதும் பிளாஸ்திரி ஒட்டி, கலைத்து, புதுப் பெயர் எழுதி, ஒவ்வொன்றாக மைக்ரோஸ்கோப்பில் வைக்க வேண்டும். நான் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்க மாட்டேன். எந்த எண்ணுக்கு எந்தப் பெயர் என்று அவளே எழுதி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். பிளைண்ட் கோடிங் என்று சொல்லிக் கொடுத்தேன்.

"பிளைண்டுன்னா கண்ணு தெரியாததுங்களே மேடம்?"

"ஆமா."

"அப்ப கண்ணைத் தொறந்து வெச்சுட்டே குருடா இருக்கோணும். எங்கூட்டுக்காரரு முப்பது வருசமா அதத்தானுங் பண்றாரு."

எண் வேண்டாம், எண் எழுதினால் தனக்கே குழம்பும் என்று சொல்லிவிட்டாள். தினமும் சோமனூரிலிருந்து அவள் பஸ்ஸில் வரும் வழியில் இருக்கிற ஊர், ஸ்டாப் எல்லாவற்றையும் பெயராக வைத்தாள். முதல் ஸ்லைடைப் பொருத்திவிட்டு, "கருமத்தம்பட்டி வந்தாச்சுங்" என்றாள். நான் கருமத்தம்பட்டியை எண்ணினேன். 241. அடுத்தது நீலாம்பூர். அதற்கடுத்தது கோல்டுவின்ஸ்.

எல்லையில் நிற்கும் செல் வந்தபோதெல்லாம் கை தயங்கியது. எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியவில்லை. போன வாரம் அது எவ்வளவு நன்றாகத் தெரிந்தது.

நடுவில் மாராக்கா தணிந்த குரலில் கேட்டாள்: "என்ற ரத்தம் கெட்டுப்போச்சாட்டருக்குதுன்னு சார் பேசீட்டிருந்தாங்களாமா. நெசமுங்களா?"

"இல்ல மாராக்கா. உங்க ரத்தம் நல்லாத்தான் இருக்குது."

"அப்பொறம்?"

"என் கண்ணுதான்."

"புது கண்ணாடி போடுங்க மேடம்," என்று சொல்லிவிட்டு, "ஹோப் காலேஜுங், எறங்குறவங்க எறங்கலாம்" என்றாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

லட்சுமி மில்ஸ், காந்திபுரம். முடிந்தது. நவ இந்தியாவுக்கு 36.

பிப்ரவரி 23, திங்கள்

மாராக்கா மடியிலிருந்து தாளை எடுத்து கௌசிகாவின் முன்னால் பிரித்தாள். நவ இந்தியா, மூணு.

ஒன்றும் செய்யாத நான்கும் முப்பதிலிருந்து நாற்பதுக்குள். பெராக்சைடு மட்டும், சராசரி 249. கொஞ்சம் சாறு போட்டது, 181. ஆக, காக்கிறது. படிக்கட்டு மாதிரி இல்லை, ஆனால் காக்கிறது. நிறைய சாறு போட்டதற்கு 237. ஒன்றும் காக்கவில்லை. வால்நட் தோலின் சாயச் சத்து அளவு மீறினால் அதுவே செல்லைக் கடிக்கும் என்று படித்திருக்கிறேன்.

கௌசிகா கடைசி எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அத்தியாயத்தில் அது 91.

கேட்டேன். இந்த முறை கேட்டேன்.

"நீ எண்ணும்போது எது எதுன்னு தெரியுமா?"

"தெரியுமுங் மேடம். நானே ஊத்தி, நானே பேரு எழுதி, நானே எண்ணினனுங்." கருத்த விரல்களை மடக்கிக்கொண்டாள். "பொய்யா எதும் எழுதலீங் மேடம். ஆனா ஒவ்வொரு செல்லுலயும் வால் சின்னதா இருக்கோணும், சின்னதா இருக்கோணும்னு பாத்தனுங். அஞ்சு வருசமுங்."

அவளைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. அவள் ஆசைப்பட்டு எண்ணினாள். நான் எதற்காக எண்ணினேன் என்பதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். "இந்த எண்களை வைத்து அத்தியாயத்தைத் திருத்து, வியாழக்கிழமைக்குள்" என்று மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

ஜம்புலிங்கம் சார் புதிய எண்களைப் பார்த்தார். மகிழ்ச்சிதான். ஆனால் முதல் எண்ணிக்கையை என்ன செய்வது என்றார்.

"ஸ்லைடுல சாயம் சரியா பிடிக்கல, அதனால மறுபடி எண்ணினோம்னு எழுதிரலாம். குழுவுல ஒத்துக்குவாங்க."

"சாயம் நல்லாத்தான் பிடிச்சிருந்தது சார்."

"சௌந்தரி மேடம்." கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "2019 விஷயத்தையே இன்னும் சிலபேரு மறக்கல. இதையும் உங்க கையால எழுதிக் குடுத்தா, இனி உங்க கையெழுத்துக்கு என்ன மரியாதை? யோசிச்சுக்குங்க."

யோசித்தேன். மதியம் வரை யோசித்தேன். சாயம் என்று எழுதினால், செல் தெரிவதற்காக ஸ்லைடில் சாயம் போட்டவள் கௌசிகா. ஆய்வேடு போய்ச் சேர்ந்துவிடும், ஆனால் அவள் வேலை தேடுகிற இடத்திலெல்லாம் அந்த வரியும் கூடவே போகும்.

பிப்ரவரி 25, புதன்

லேப் ரெஜிஸ்டரில் எழுதியது, அப்படியே:

"10.2 முதல் 13.2 வரை நான் செய்த எண்ணிக்கை செல்லாது. ஸ்லைடுகளிலோ, அவற்றைத் தயாரித்ததிலோ குறை இல்லை. 3, 7, 11, 16 ஆகியவை வால்நட் சாறு போட்டவை என்று நானாக முடிவு செய்துகொண்டு எண்ணினேன். அது தவறு. தயாரித்தவரிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. - சௌந்தரி."

நகல் குழுவுக்கு. சந்தேகத்துக்குக் கட்டம் இல்லாத ரெஜிஸ்டரில் இதற்கும் இல்லை. ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் நெருக்கி நெருக்கி எழுத வேண்டியிருந்தது. எதையும் சுருக்கவில்லை.

பிப்ரவரி 26, வியாழன்

குழு ஒத்துக்கொண்டது. இனி இந்த வருடம் ஆய்வேடுகளைச் சரிபார்க்கும் வேலைக்கு என்னை அழைப்பதில்லை என்றும் முடிவாம். சார் சங்கடத்தோடு சொன்னார். சரியான முடிவுதான் என்றேன்.

குக்கருக்குச் சரியான கேஸ்கெட் கிடைத்தது.

பிப்ரவரி 27, வெள்ளி

மூன்றரை மணிக்கு ஆய்வேடு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது. அத்தியாயத்தின் தலைப்பில் ‘முழுமையான பாதுகாப்பு’ என்று இருந்ததை ‘குறைந்த அளவில் பாதுகாப்பு’ என்று மாற்றியிருந்தாள்.

திரும்பி வந்து டப்பாவை என் மேஜையில் வைத்தாள். மூடியில் புதுச் சீட்டு. வால்நட்சத்திரம் என்று முழுதாக எழுதி, இடம் போதாமல் கடைசி எழுத்து விளிம்பைத் தாண்டி டப்பாவின் மேல் ஏறியிருந்தது.

ரெஜிஸ்டரைப் படித்திருக்கிறாள். நான் நிமிரவில்லை.

"மேடம், ஒண்ணு கேட்கட்டுங்களா?"

"கேளு."

"வால்நட்னு பாத்ததும் என்னைத் திருடின்னு நெனச்சுட்டீங்களா?"

"ஆமா."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பனுங் மேடம்," என்றாள். கோபமாகக்கூட இல்லை. பிறகு, "டீ சொல்லட்டுங்களா?"

"சொல்லு. ரெண்டு."

குடித்தோம். அவள் விரல்களில் கறுப்பு நகத்தடியில் மட்டும் மிச்சம் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து 2019-ஆம் வருட ரெஜிஸ்டரின் நகலை எடுத்தேன். அந்தக் கட்டுரைக்கான இரண்டு படங்களை ஒட்டிய பக்கத்தில் அனுராதாவின் எழுத்தில் ஓரமாக ஒரு குறிப்பு இருக்கிறது. ‘மேடத்திடம் கொடுத்தது - பார்க்க’. அதற்குப் பக்கத்தில் அம்புக்குறி. அம்பு எந்தப் படத்தைக் காட்டுகிறது, அவள் என்னிடம் கொடுத்தது எது, தவறு அவள் கையிலா என் கையிலா என்று ஏழு வருடமாக எனக்குத் தெரியாது; கேட்டதுமில்லை.

அவள் எண் போனில் இருக்கிறது. நாளை சனிக்கிழமை. பள்ளி இருக்காது.